பேட்டரியை சக்கரத்துக்கு பின்னாடி வைக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மஹிந்திரா சிட்டி, ஒரகடம், மறைமலைநகர், சோழிங்கநல்லூர்னு நம்ம ஊர்ல உட்கார்ந்து உலகத்துக்கே கார் டிசைன் பண்ணிக்கிட்டிருக்கிற இஞ்சினியர் நண்பர்களுக்கு வணக்கம். பானட்டுக்கு கீழ எந்த பார்ட் எங்க உட்காரணும்னு பார்க்கிற டீம்ல நம்ம ஆளுங்க இருக்கீங்க, என் கூட காலேஜ்ல படிச்சவங்களே இருக்காங்க, அதனால தான் இதை தமிழ்லயே எழுதறேன்.

நான் இருக்கிறது அமெரிக்காவுல மினியாபொலிஸ்ல. போன ஜனவரியில ஒரு நாள் காலையில வண்டி ஸ்டார்ட் ஆகல, டிக் டிக்னு சத்தம் மட்டும் வந்துச்சு. பேட்டரி தான்னு புரிஞ்சு பானட்டை தூக்கினா அங்க பேட்டரியே இல்ல, ஜம்ப் பண்றதுக்கு, அதாவது இன்னொரு வண்டி பேட்டரியில இருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் பண்றதுக்கு, ரெண்டு போஸ்ட் மட்டும் நீட்டிக்கிட்டிருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி, அதுவரைக்கும் பேட்டரியை தேட வேண்டிய அவசியம் வரல. மேனுவலை புரட்டினா முன்பக்க இடது சக்கரத்துக்கு பின்னாடி ஃபெண்டருக்குள்ள, அதாவது சக்கரத்தை மூடியிருக்கிற பாடி தகட்டுக்குள்ள இருக்குன்னு போட்டிருக்கு, மாத்தணும்னா டீலர்கிட்ட போங்கன்னு அடுத்த வரியிலயே முடிச்சிட்டாங்க. எப்படி கழட்டணும்னு ஒரு படம் கூட இல்ல.

போஸ்ட்ல மீட்டர் வச்சு பார்த்தேன், 11.3 வோல்ட். ஃபுல்லா இருந்தா 12.6 காட்டணும், 12க்கு கீழ இறங்கினாலே காலின்னு தான் அர்த்தம். வெளிய மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். சார்ஜ் இறங்கின பேட்டரிக்குள்ள ஆசிட் தண்ணி மாதிரி ஆயிடும், மைனஸ் 10 கிட்டயே உறைய ஆரம்பிச்சிடும், உறைஞ்ச பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தா வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. அதனால ஜம்ப் பண்ண மனசு வரல. ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் வண்டியில போய் ஒரு பார்ட்ஸ் கடையில புது பேட்டரி வாங்கினேன். இங்க நிறைய கடைங்கள்ல பேட்டரி வாங்கினா ஃப்ரீயா மாட்டியும் கொடுப்பாங்க, ஆனா என் மாடல் பேரை சொன்னதும் கவுன்டர்ல இருந்த பையன் இதுக்கு நாங்க மாட்டறதில்ல சார்னு சொல்லிட்டான், அவன் மேல தப்பே இல்ல, சக்கரத்தை கழட்டுற வேலையை பார்க்கிங்ல நின்னு எப்படி செய்வான். வொர்க்‌ஷாப்புக்கு கொண்டு போகணும்னா இன்னொரு வண்டி வச்சு இழுத்துட்டுப் போகணும் (டோ), பேட்டரி விலைக்கு மேல செலவு. என் வைஃப் நர்ஸ், அன்னைக்கு அவங்களுக்கு நைட் ஷிஃப்ட், வண்டி இல்லாம போக முடியாது. சரி நானே பண்ணிடலாம்னு இறங்கினேன்.

என்னென்ன பண்ண வேண்டி இருந்துச்சுன்னு வரிசையா சொல்றேன், பொறுமையா படிங்க, ஏன்னா இது எதுவுமே உங்க ஸ்க்ரீன்ல தெரியாது. கீழ பூரா ஐஸ், ஜாக்கி வச்சா வழுக்குது, அதனால ஒரு ப்ளைவுட் பலகையை போட்டு அது மேல ஜாக்கி. தூக்குறதுக்கு முன்னாடியே வீல் நட்டை லூஸ் பண்ணி, அப்புறம் தூக்கி, ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை கழட்டினா உள்ள பிளாஸ்டிக் லைனர், அதை ஏழு கிளிப் புடிச்சிருக்கு. அந்த குளிர்ல பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி ஆயிடுது, மூணு கிளிப் தொட்டதும் ஒடைஞ்சுது. அதுக்கு உள்ள தான் பேட்டரி. மொதல்ல நெகட்டிவ் கழட்டணும், ஏன்னா வண்டியோட பாடி முழுக்க நெகட்டிவ்வோட தான் இணைஞ்சிருக்கு, பாசிட்டிவ்வை மொதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில இடிச்சா அங்கேயே ஷார்ட். இது தெரிஞ்சும் எனக்கு கை நடுங்குச்சு, ஏன்னா ஸ்பேனருக்கும் ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் கூட இல்ல, 10 நம்பர் ஸ்பேனரை கால் சுத்து சுத்தறதுக்குள்ள இடிக்குது. க்ளவுஸ் போட்டா நட்டு புடிபடாது, கழட்டினா ரெண்டு நிமிஷத்துல விரல் மரத்துப் போகுது. பேட்டரியை கீழ புடிச்சிருக்கிற கிளாம்ப்போட 13 நம்பர் போல்ட் அடியில எங்கயோ ஆழத்துல இருக்கு, நீளமான எக்ஸ்டென்ஷன் இல்லன்னா எட்டாது, அதை எடுக்க மேல வீட்டுக்கு ரெண்டாவது தடவை ஓடினேன். எல்லாம் கழட்டினப்புறம் கிட்டத்தட்ட 18 கிலோ எடையை முட்டி போட்டுக்கிட்டு சாய்க்காம பக்கவாட்டுல இழுக்கணும், உள்ள இருக்கிறது சல்ஃப்யூரிக் ஆசிட். அந்த பேட்டரிக்கு ஒரு கைப்பிடி கூட இல்ல, வெறும் நைலான் பட்டை இருந்திருந்தா போதும். புதுசை மாட்டும்போது பாசிட்டிவ் மொதல்ல, நெகட்டிவ் கடைசியில. மொத்தம் ரெண்டரை மணி நேரம். வண்டி ஸ்டார்ட் ஆனப்ப சாயங்காலம் ஆயிடுச்சு, வைஃப் ஷிஃப்ட்டுக்கு கிளம்ப சரியா இருந்துச்சு.

எங்க அப்பா திருநெல்வேலியில அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர். பானட்டை தூக்கினா பேட்டரி கண்ணுக்கு முன்னாடி நிக்கும், மாசம் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊத்துவார், டெர்மினல்ல பூத்திருக்கிறதை சோடா உப்பு தண்ணியில கழுவி கிரீஸ் தடவுவார், மாத்தணும்னா பத்து நிமிஷம். பழைய வண்டி தான் நல்ல வண்டின்னு நான் சொல்ல வரல, அதுல சீட் பெல்ட்டை கூட நான் பார்த்ததில்ல.

நீங்க ஏன் அங்க கொண்டு போய் வச்சீங்கன்னும் எனக்கு புரியுது. பானட்டுக்கு கீழ இப்ப இடமே இல்ல, நடந்து போறவங்க தலை வந்து மோதினா அடிபடாம இருக்க பானட்டுக்கும் கீழ இருக்கிற இரும்புக்கும் நடுவுல இடைவெளி விடணும். அதோட பேட்டரியை கொல்றது சூடு தான், குளிர் அதை காட்டிக்கொடுக்க மட்டும் தான் செய்யும், அதனால எஞ்சின் சூட்டுல இருந்து தள்ளி வச்சா ஆயுசு கூடும். எடையை சமப்படுத்த சில வண்டியில டிக்கியில வைக்கிறாங்க. இதெல்லாம் நியாயமான காரணம். ஆனா டிக்கியில பாய்க்கு அடியில இருந்தா யாரு வேணாலும் குனிஞ்சு மாத்திடலாமே, பேட்டரியில இருந்து வர்ற வாயு வெளிய போக ஒரு ட்யூப் மட்டும் மறக்காம மாட்டணும். தள்ளி வைக்கிறது வேற, கை எட்டாத இடத்துல வைக்கிறது வேற, இந்த வித்தியாசத்தை தான் கேக்கறேன்.

பேட்டரி நாலஞ்சு வருஷத்துல சாகும்னு வண்டியை வரையும்போதே உங்களுக்கு தெரியும், நம்ம ஊர் வெயில்ல இன்னும் சீக்கிரமாவே போயிடும். அதுவும் டயர் மாதிரி தேயுற பொருள் தான். 1912ல காடிலாக் வண்டியில சார்லஸ் கெட்டரிங்ங்கிற இஞ்சினியர் செஞ்ச எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததுக்கு அப்புறம் தான், முன்னாடி கிராங்க் கம்பியை கையால சுத்தி கை ஒடிச்சுக்காம யார் வேணாலும் தனியா வண்டியை எடுக்கலாம்னு ஆச்சு. அதே பேட்டரிக்காக இப்ப இன்னொருத்தர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டி இருக்கு. ஐரோப்பாவுல 2023ல போட்ட பேட்டரி சட்டப்படி 2027 பிப்ரவரியில இருந்து கையில புடிக்கிற சாதனங்களோட பேட்டரியை, சில விதிவிலக்கு தவிர, வாங்கினவங்களே கழட்டி மாத்துற மாதிரி செய்யணும். ஃபோனுக்கு கேக்கிறதை காருக்கும் கேக்கறது அதிகமா தெரியல எனக்கு.

அதனால நான் கேக்கறது இவ்வளவு தான். அடுத்த மாடல்ல டிசைன் ஃப்ரீஸ் பண்றதுக்கு, அதாவது இனி மாத்தறதில்லன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க டீம்ல ஒருத்தரை, முடிஞ்சா ரொம்ப பலசாலி இல்லாத ஒருத்தரை, க்ளவுஸ் போட்டு வண்டியோட வர்ற ஸ்பேனரை மட்டும் வச்சு பேட்டரியை கழட்டி மாட்ட சொல்லுங்க, குளிரை செயற்கையா உண்டாக்குற கோல்ட் சேம்பர் ரூம்ல வச்சு. சக்கரத்தை கழட்டினா தான் முடியும்னா இடத்தை மாத்துங்க. மாத்தவே முடியலன்னா கிளாம்ப் போல்ட்டையாவது மேல கொண்டு வாங்க, பாசிட்டிவ் பக்கத்துல இருக்கிற தகட்டுக்கு ஒரு ரப்பர் மூடி போடுங்க, கிளிப்புக்கு பதிலா திருகுற ஸ்க்ரூ வைங்க. புது பேட்டரி மாட்டியாச்சுன்னு வண்டியோட கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வச்சு ரெஜிஸ்டர் பண்ணணும்னா அதை டீலர் கிட்ட மட்டும் பூட்டி வைக்காதீங்க, டேஷ்போர்டு மெனுவுலயே கொடுங்க. மேனுவல்ல ரெண்டு பக்கம், படத்தோட, எது மொதல்ல எது கடைசியில, எத்தனை நம்பர் ஸ்பேனர், வீல் நட்டை எவ்ளோ டார்க்ல (முறுக்கு விசையில) முறுக்கணும்னு எழுதுங்க. இதை எழுத உங்களுக்கு ஒரு நாள் போதும்.

ஒடைஞ்ச மூணு கிளிப்புக்கு பதிலா இன்னைக்கும் என் வண்டியில கேபிள் டை தான் கட்டியிருக்கு. போட்டோ எடுத்து வச்சிருக்கேன், ஒவ்வொரு ஸ்டெப்பும், எங்க ஸ்பேனர் இடிச்சுது எங்க கை போகலன்னு அளவோட. உங்க டீமுக்கு வேணும்னா சொல்லுங்க, எல்லாத்தையும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மினியாபொலிஸ்ல இருந்து ஒரு வண்டிக்காரன்