தூர்வாரும் நாளும் இடமும் முன்கூட்டியே தமிழில் தெரியவேண்டும்: திரேஸ்புரம் நாட்டுப்படகு மீனவர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
நாட்டுப்படகு மீனவர்கள்,
திரேஸ்புரம் கடற்கரை,
தூத்துக்குடி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: துறைமுகத்தை ஒட்டிய கடலில் தூர்வாரும் பணி, மண் கொட்டும் இடம், கப்பல்கள் நங்கூரமிடும் இடம் ஆகியவற்றை மீனவர்களுக்கு முன்கூட்டியே தமிழில் அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 34 ஆண்டுகள் வள்ளத்தில் கடலுக்குப் போனவன் நான். முட்டி ஒத்துழைக்காததால் இப்போது கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று இந்த மனுவை என் தலையில் கட்டிவிட்டார்கள். கீழே கையெழுத்தும் கைரேகையும் வைத்திருப்பவர்கள் எல்லோரும் எங்கள் கரையில் தொழில் செய்பவர்கள்.

இது துறைமுகம் வேண்டாம் என்னும் மனு அல்ல. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு, கப்பல் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வோம்? இந்தியாவின் வெளிநாட்டு வணிகச் சரக்கில் எடைக்கணக்கில் சுமார் 95 விழுக்காடு கடல்வழியாகவே போய்வருகிறது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வருவதும் காற்றாலை இறக்கைகள் கப்பலேறுவதும் எங்கள் கண்ணெதிரே நடக்கின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளைகளிலேயே சரக்கு ஏற்றி இறக்கவும் லாரி ஓட்டவும் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் 7,056 கோடி ரூபாய் மதிப்பில் வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். இனிக் கப்பலும் கூடும், தூர்வாரும் வேலையும் கூடும். அதனால்தான் இப்போதே வந்து நிற்கிறோம்.

கடந்த தை மாதத்தில் ஒருநாள் என் தம்பி மகன் மாலையில் நண்டு வலை போட்டுவிட்டு வந்தான். மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தால், மிதப்புக்குக் கட்டியிருந்த வெள்ளைக் கேன் ஒன்று மட்டும் அலையில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றரை முழக் கயிறு மிச்சம் இருந்தது. கயிற்றின் முனை கத்தி பட்டதுபோல் இல்லை. பிய்த்து இழுத்து நார்நாராகக் கிடந்தது. சுற்றிலும் தண்ணீர் டீயின் நிறத்தில் கலங்கியிருந்தது. தூரத்தில் மண் அள்ளும் கப்பல் ஒன்று நின்றது. அதுதான் வலையை அறுத்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எல்லை மீறி வந்த விசைப்படகாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே வேலை நடக்கப்போகிறது என்று முந்தின நாளே தெரிந்திருந்தால், அவன் வேறு பக்கம் போயிருப்பான். அந்த வலைக்கு வட்டிக்கு வாங்கிய பணம் இன்னும் அடையவில்லை.

கடலில் நடக்கும் வேலைகளைப் பற்றிக் கப்பலோட்டிகளுக்கு அறிவிப்பு வராமல் இல்லை. கடல் வரைபடங்களைத் தயாரிக்கும், டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் அப்படிப்பட்ட அறிவிப்புகளை ஆங்கிலத்தில் வெளியிடுகிறது. கப்பல் கேப்டனுக்கு அது போதும். எங்கள் பையன்களிடம் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அறிவிப்புதான் கரைக்கு வந்து நான் பார்த்ததில்லை. மேலும், வயதில் மூத்தவர்களுக்கு இடம் என்றால் பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) பெயர்தான், ஆழம் என்றால் பாகக் கணக்குதான் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்). தோலாயிரம் பார் என்று சொன்னால், பனிமய மாதா கோவிலின் உச்சியையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் பார்த்தே படகை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்.

கலங்கல் எங்கள் வலையோடு நிற்பதில்லை. 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் வாசலில் இருக்கிறோம். பவளப்பாறையின் மேல் சேறு படிந்தால் அது மூச்சுமுட்டிச் சாகும். இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்துப் பழியையும் மறைக்கக் கூடாது. ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றியதில் இந்தக் கரைக்காரர்களின் கையும் உண்டு. அந்த 21 தீவுகளில் ஒன்றான வான் தீவு கரைந்து சிறுத்துப்போய், அரசு செயற்கைப் பவளப்பாறைகளை இறக்கவேண்டி வந்ததற்கு நாங்களும் ஒரு காரணம். சங்கு குளிக்கப் போகிறவர்களைக் கேட்டால், தரை தெரியாத தண்ணீரில் இறங்குவது எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

எனவே தாங்கள் செய்து தரவேண்டியது இதுதான். தூர்வாரும் பணி தொடங்குவதற்கு ஏழு நாட்களுக்கு முன்பாவது, நாள், நேரம், இடம், மண் கொட்டும் இடம் நான்கையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, மீன் இறங்குதளங்களில் ஒட்டவும் ஒலிபெருக்கியில் சொல்லவும் மீன்வளத் துறைக்கு உத்தரவிட வேண்டும். கப்பல் வழித்தடத்தையும் நங்கூரமிடும் இடத்தையும் பார்களின் பெயரோடும் பாகக் கணக்கோடும் காட்டும் தமிழ் வரைபடம் ஒன்றும் வேண்டும். பெயர்களைச் சொல்ல எங்கள் பெரியவர்கள் எந்த நாளும் வரத் தயார். கலங்கல் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அளக்கும்போது எங்களில் இருவரையும் படகில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டப்படி அமையும் வாரியத்தில் தொழிலாளர்களுக்கு இடம் உண்டு. மீனவருக்கென்று நாற்காலி கிடையாது. ஆனால் மாநில அரசின் சார்பில் ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவர் வழியாக இந்தக் கோரிக்கையை வாரியத்தின் முன் வைக்குமாறு தாங்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். செலவு என்று பார்த்தால் காகிதமும் மையும்தான். அறுந்த வலை சுற்றிக்கொண்டால் கப்பலின் விசிறிக்கும் கேடு என்பதால், துறைமுகத்துக்கும் இதில் நஷ்டமில்லை.

போன வலைக்கு இழப்பீடு கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. அதற்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். பஸ் டிக்கெட் செலவே வலையின் விலையில் பாதிக்கு வந்துவிடும். அடுத்த மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதற்குப் பதில் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திரேஸ்புரம் நாட்டுப்படகு மீனவர்கள்

இணைப்பு: எங்கள் பெரியவர்கள் சொல்லச் சொல்ல நான் பள்ளி நோட்டுத் தாளில் வரைந்த பார்களின் படம், 1. (அளவு சரியாக இராது, பெயர்கள் சரி.)