இந்த மாதம் படிக்கப்போவது: கவிதையிலேயே நடக்கும் ஒரு நாவல்

நண்பர்களே, இந்த மாதத்துக்கு ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதிய 'லாங் வே டவுன்'. 2017இல் வந்த அமெரிக்க இளையோர் நாவல், முழுக்கக் கவிதை வரிகள்தான். தடிமனைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பல பக்கங்களில் நாலைந்து வரிதான் இருக்கும், ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்கத் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வில் என்ற 15 வயதுப் பையன் லிஃப்டில் இறங்குகிறான், இறங்குகிற நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நின்று, குண்டடிபட்டுச் செத்துப்போன ஒருவர் உள்ளே வருகிறார். முதலில் வருவது பக் என்பவன். வில்லின் துப்பாக்கியில் இருக்கும் தோட்டாக்களை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. அந்த ஒரு தோட்டாதான் அப்புறம் கதை முழுக்க நம்மை அரிக்கும்.

இதையே உரைநடையில் எழுதியிருந்தால் இந்த அளவுக்கு மூச்சு முட்டியிருக்காது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். வரி உடைகிற இடத்தில் வில் தடுமாறுவது காதில் விழுகிறது, அதனால் கொஞ்சமாவது வாய்விட்டுப் படியுங்கள்.

ஞாயிறு மாலை 6 மணிக்குப் பேசுவோம். கடைசிப் பக்கத்தில் இரண்டே சொல், அதை மட்டும் யாரும் முன்கூட்டியே இங்கே போட்டுவிடாதீர்கள்.