ஆண்டறிக்கை: பழைய கல்யாணப் பத்திரிகையும் பிள்ளைகள் பாட்டும்

எல்லாருக்கும் வணக்கம். நம் தொடக்கப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் இந்த வருஷத்து அறிக்கை இது. கூட்டங்கள் தவறாமல் நடந்தன, குடிநீர்த் தொட்டிக்குப் புதுக்குழாய் போட்டாயிற்று, வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் அடுத்து வாசிப்பார். நான் பிள்ளைகள் பழைய தாளில் பாட்டெழுதிக் கைவேலை செய்கிற வெள்ளிக்கிழமைப் பாட்டு வகுப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன், இந்த வருஷம் நாம் செய்ததிலேயே உருப்படியானது அதுதான்.

நம்ம பக்கத்தில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் கல்யாணப் பத்திரிகை கட்டுக் கட்டாக இருக்கும், சாமி படம் இருப்பதால் தூக்கிப்போட மனசு வராது. ஆச்சிமாரிடம் கேட்டு வாங்கி, சாமி படத்தை மட்டும் வெட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியை விரலகலப் பட்டைகளாக நறுக்கினோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வெற்றுப் பக்கத்தில் ஆளுக்கொரு வரி எழுத வேண்டும், ஒருவர் முடிக்கும் சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அந்தாதிதான், ஆனால் அந்தப் பெயரைக் கடைசியில்தான் சொன்னோம். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி பட்டையை வளைத்து முந்தைய வளையத்தில் கோத்து ஒட்டினால் கையிலும் சங்கிலி, பாட்டிலும் சங்கிலி.

ஆச்சி வீட்டு முற்றம்
முற்றத்தில் மழை
மழையில் என் கப்பல்
கப்பல் நனைஞ்சு போச்சு

நாலாவது வரி எழுதிய பையன் வகுப்பில் வாயே திறக்காதவன். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ‘கப்பல்’ என்று மட்டும் எழுதிப் பசை தடவி ஒட்டினான், அப்புறம் என்ன தோன்றியதோ ஈரப் பசையோடு பிரித்து மீதியை எழுதினான். ‘நனைந்து போயிற்று’ என்று திருத்தலாமா என டீச்சர் கேட்டார், வேண்டாம் என்றோம். வாயில் வருவது முதலில் தாளுக்கு வரட்டும்.

முதல் சங்கிலியைக் கரப்பான் அரித்துவிட்டது. பிள்ளைகள் முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதிலிருந்து மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் வேப்பெண்ணெய் விடுகிறோம்.

கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைகிற ஆச்சி ஒருவர் வந்த அன்றுதான் எனக்கே கண் திறந்தது. பனையோலைக்குப் பதில் பழைய காலண்டர் தாள், அதில் பிள்ளைகள் எழுதிய வரிகள், அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னக் காட்டினார். பின்னப் பின்னச் சில சொல் மேலே வரும், சில சொல் அடியில் போய்விடும். மேலே தெரிகிறதை மட்டும் ஒரு பெண் சத்தமாக வாசித்தாள், அது வேறு பாட்டாக இருந்தது! ‘டீச்சர், உள்ளே இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு’ என்றாள்.

பாட நேரம் வீணாகிறது என்று சிலர் கேட்டீர்கள், நியாயமான கவலைதான். ஆனால் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டமே 2022-இல் வந்தபோது 1 முதல் 3 வகுப்பு வரை செயல்பாடு வழியாகத்தான் படிக்கச் சொன்னது. பாட்டு நமக்குப் புதுசும் இல்லை. குழந்தைகளுக்கென்றே எழுதிய அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்தது இதோ இருக்கிற இராயவரத்தில்.

ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம், பசையும் கத்தரிக்கோலும் தவிரக் கைவேலைக்கென்று புதுசாக எதையும் வாங்கக்கூடாது. கடையில் தெர்மாகோலும் ஜிகினாத்தாளும் வாங்கி ‘கழிவிலிருந்து கலை’ என்று கண்காட்சி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது கண்காட்சி முடிந்த மறுநாளே குப்பைதான். நமக்குப் பசைக்கும் கத்தரிக்கோலுக்கும் மட்டுமே செலவு.

அடுத்த வருஷம் நாலாம், ஐந்தாம் வகுப்புக்கும் கொண்டுபோகலாம் என்று செயற்குழு நினைக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு இரண்டு பேர் கூட வந்து உட்கார்ந்தால் போதும், பெயர் கொடுங்கள். பத்திரிகைக் கட்டுகளைப் பள்ளி வராந்தாப் பெட்டியில் போடலாம். பிளாஸ்டிக் பூச்சு போட்டது மட்டும் வேண்டாம், மைதாப் பசை அதில் பிடிக்காது.