ஆர்லாண்டோ வீட்டுக்குள் கடல் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் ஹரிகேன் என்கிற பெரும் புயல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படித்ததோடு விட்டிருப்பேன், ஆனால் ஊரில் இருக்கும் என் அத்தையும் அதைப் படித்துவிட்டார். "கடல் பொங்கி ஃப்ளோரிடா முழுக்க வீட்டுக்குள்ள புகுந்துடும்னு போட்டிருக்கான், நீ இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கியேடா, எங்கேயாவது கிளம்பு" என்று இங்கே ராத்திரி இரண்டு மணிக்குப் போன். அவரைச் சமாதானப்படுத்திப் போனை வைக்க அரை மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நான் இருப்பது ஃப்ளோரிடாவின் நடுவில், ஆர்லாண்டோவில். கடல் பொங்கி எங்கள் வீட்டுக்கு வருமா என்றால், வராது. அட்லாண்டிக் கடற்கரை கிழக்கே ஏறக்குறைய 40 மைல், மேற்கே மெக்சிகோ வளைகுடா இன்னும் தூரம். தூரத்தைவிட முக்கியம் உயரம். எங்கள் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 96 அடி உயரத்தில் இருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது மிசிசிப்பிக் கடற்கரையில் தண்ணீர் சுமார் 28 அடிக்கு ஏறியது, அமெரிக்காவில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் அளந்ததில்லை. அந்தக் கடல்கூட அங்கே பல இடங்களில் 6 மைல் உள்ளே வந்தது, ஆறும் குடாவும் வழிவிட்ட இடங்களில் 12 மைல். 28 அடித் தண்ணீர் 96 அடி மேட்டில் எப்படி ஏறும்?

புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் அது கடலை உறிஞ்சித் தூக்குகிறது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. அதில் கொஞ்சம்தான் உண்மை. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் எழும்பும், பயங்கரமான புயலுக்கே அந்தக் கணக்கில் மூன்று அடிதான் தேறும். மீதி எல்லாம் காற்றின் வேலை. மணிக்கணக்காக ஒரே திசையில் கரையை நோக்கித் தள்ளுகிறது, கடல் ஆழமில்லாத இடத்தில் தண்ணீருக்குத் திரும்பிப் போக வழியில்லை, குவிந்துகொண்டே போகிறது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் கதை தலைகீழ். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் கரையேறியபோது ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில் ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் 10 முதல் 15 அடித் தண்ணீர் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. அதே நாள் வடக்கே டாம்பா குடாவில் தண்ணீர் வற்றிப்போய், ஜனங்கள் சேற்றில் இறங்கி நடந்து வேடிக்கை பார்த்தார்கள் (அப்படி இறங்குவது மடத்தனம், அது வேறு விஷயம்). ஒரே புயல்தான்.

"கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிறோம்" என்பதை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. ஃப்ளோரிடாவின் வடகிழக்கில் இருக்கும் ஜாக்சன்வில்லின் நகர மையம் கடற்கரையில் இல்லை, பல மைல் உள்ளே செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. 2017-இல் இர்மா புயல் வந்தபோது கடல்நீர் ஆற்று வழியாக ஏற, மழைவெள்ளம் மேலேயிருந்து இறங்க, இரண்டும் நடுவில் முட்டி நகரத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. நியூ ஆர்லியன்ஸும் மணற்பரப்புள்ள கடற்கரை ஊர் இல்லை. கத்ரீனாவில் கால்வாய்ச் சுவர்கள் உடைந்து நகரத்தில் 80 சதவீதம் முங்கியது. ஆகவே எத்தனை மைல் என்று மட்டும் கேட்காதீர்கள், வீடு எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, பக்கத்து ஆறு கடல்நீர் உள்ளே ஏறி வந்து போகிற ஆறா என்று கேளுங்கள். உங்கள் கட்டுரையில் இந்த இரண்டும் இல்லை.

இனி எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். கடலைக் காட்டிப் பயமுறுத்திய கட்டுரை மழையைப் பற்றி மூன்றே வரிதான் எழுதியிருக்கிறது. எங்களை மூழ்கடித்தது மழை.

இயன் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மழைநீர் தேங்க வெட்டிய ஒரு குளம் உண்டு. செப்டம்பர் முழுக்கப் பெய்த மழையில் அது ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஒரு பழைய துடைப்பக் கட்டையைக் குளத்தோரம் குத்திவைத்தேன், தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க. பத்து மணிக்குக் கட்டையில் பாதி. ஒரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டையையே காணோம். முன்பக்கத் தெருவில் வடிகால் கம்பி மேல் ஓக் இலையும் பாசியும் மெத்தை மாதிரி படிந்து அடைத்துக்கொண்டிருக்க, நானும் எதிர்வீட்டுக்காரரும் முழங்கால் தண்ணீரில் நின்று இலை வாரும் கட்டையால் சுரண்டி எடுத்தோம். அந்தக் காற்றில் வெளியே போனதே தப்பு, இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. விடியும்போது தண்ணீர் கராஜ் கதவைத் தாண்டி இரண்டு அங்குலம் உள்ளே வந்து, துணி துவைக்கும் மெஷினின் காலடியில் நின்றுவிட்டது. எங்களுக்கு அதோடு போச்சு. நகரத்துக்கு மேற்கே ஓர்லோ விஸ்டாவில் இர்மாவில் முங்கிய வீடுகள் மறுபடி முங்கின, ஜனங்களைப் படகில் ஏற்றினார்கள். அங்கே ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் கிடையாது.

இன்னொரு கொடுமை, இந்தத் தண்ணீர் மெதுவாக வரும். செயின்ட் ஜான்ஸ் ஆறு 310 மைல் ஓடியும் மொத்தமாக இறங்குவது 30 அடிதான், மைலுக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புயல் போய், வெயில் அடித்து, டிவிக்காரர்கள் மூட்டை கட்டிக் கிளம்பிய பிறகும் சான்ஃபோர்டு பக்கமும் ஆஸ்டரிலும் ஆற்றுத் தண்ணீர் நாள்கணக்காக ஏறிக்கொண்டே இருந்தது. வடிய வாரக்கணக்கு. 2024-இல் மில்டன் புயல் வந்தபோதும் இதே கதைதான். அதே வருஷம் ஹெலீன் புயல், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி 2,000 அடிக்கு மேலே வட கரோலினா மலையில் இருக்கும் ஆஷ்வில்லை என்ன பாடு படுத்தியது என்று எல்லோரும் பார்த்தோம்.

அப்புறம் இன்சூரன்ஸ். வெளியேற்ற மண்டலம் (புயலுக்கு முன் ஜனங்களைக் கிளம்பச் சொல்லும் பகுதி) வேறு, வெள்ள மண்டலம் வேறு. ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட வெளியேற்ற மண்டலங்கள் கடல் எழுச்சியை வைத்துக் கடலோர மாவட்டங்களுக்குப் போட்டவை. எங்கள் ஆரஞ்ச் கவுன்டிக்கு அப்படி ஒன்று கிடையாது. இதைக் கேட்டதும் பலர் "அப்போ நமக்கு வெள்ளமே வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெள்ள மண்டலம் என்பது பேரிடர்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபீமா போட்ட தனி வரைபடம், ஏஇ என்றால் ஆபத்து அதிகம், எக்ஸ் என்றால் குறைவு. எங்கள் வீடு எக்ஸ். வீடு வாங்கும்போது ஏஜென்ட் "எக்ஸ்தானே, வெள்ளக் காப்பீடு தேவையே இல்லை" என்றார், நாங்களும் தலையாட்டினோம். வீட்டுக் கடன் தரும் வங்கி கட்டாயப்படுத்தாது என்பதைத்தான் அவர் தேவையில்லை என்று சொன்னார் என்பது இயனுக்குப் பிறகுதான் புரிந்தது. வெள்ளக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் கணிசமானவை அதிக ஆபத்து மண்டலத்துக்கு வெளியே இருந்துதான் வருகின்றன என்று ஃபீமாவே சொல்கிறது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பைசா தராது. அரசுத் திட்டத்தில் சேர்ந்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், ஆகவே டிவியில் புயல் படம் வந்த பிறகு ஓடிப் பிரயோஜனமில்லை.

அத்தை சொல்கிற மாதிரி எல்லோரும் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2005-இல் ரீட்டா புயல் வருகிறது என்றதும் டெக்சஸில் ஹூஸ்டன் பகுதியிலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் ரோட்டில் இறங்கினார்கள், அதில் எவ்வளவோ பேர் கடல்நீர் எட்டாத இடத்தில் இருந்தவர்கள். அந்த ஓட்டத்திலேயே நூறு பேரளவுக்குச் செத்தார்கள், பலர் வெயிலில், நகராத வண்டிகளில். ரீட்டா நேரடியாகக் கொன்றது மிகச் சிலரைத்தான். மில்டன் சமயத்தில் டாம்பா பக்கத்திலிருந்து நிஜமாகவே ஓடவேண்டியவர்கள் ஆர்லாண்டோவுக்குத்தான் வந்தார்கள். நாங்களும் கிளம்பி ஐ-4 சாலையை அடைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் எங்கே போவது?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். பெரிதாக வேண்டாம், ஆர்லாண்டோவுக்குக் கடல் வராது, மழைத் தண்ணீர் வரும் என்று ஒரு பெட்டியில் போட்டால் போதும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அத்தை கண்ணாடி இல்லாமல் படிப்பவர்.

இப்படிக்கு,
ஆர்லாண்டோ வாசகர் ஒருவர்