பேட்டரியின் மேல் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள்: சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: டிஜிட்டல் கேமரா நிறுவனங்களின் இந்திய அலுவலகப் பொறுப்பாளர்கள், கேமரா பேட்டரி இறக்குமதி செய்வோர், மாவட்ட விநியோகஸ்தர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

நாங்கள் சேலம் பக்கம் கல்யாணப் படம் எடுப்பவர்கள். கடையில் சொல்லி, விநியோகஸ்தரிடம் சொல்லி, சர்வீஸ் சென்டருக்கு மெயில் போட்டு, எதற்கும் பதில் வராமல்தான் இதைப் பொதுவில் எழுதுகிறோம். விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. பில் போட்டு, சீல் பிரிக்காத பெட்டியில் வாங்கிய ஒரிஜினல் பேட்டரி, வாங்கிய மாதமே கிழட்டுப் பேட்டரி மாதிரி கைவிடுகிறது. காரணம் கேட்டால், "அது கன்ஸ்யூமபிள்ங்க, வாரண்டியில வராதுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

போன தை மாதம் ஏற்காட்டில் ஒரு கல்யாணம், விடியற்கால முகூர்த்தம். படமெடுத்தவரின் கேமராவில் இருந்தது அப்படி வாங்கிய புதுப் பேட்டரி. திரையில் 58 சதவீதம் காட்டியது. கெட்டி மேளம் என்று குரல் எழுந்ததும் தொடர் ஷாட்டில் விரலை அழுத்தினார். மூன்றாவது படத்தோடு கேமரா அணைந்தது. அணைத்துப் போட்டால் 41 சதவீதம் என்றது. அழுத்தினால் மறுபடி அணைந்தது. வேறு பேட்டரி மாற்றி கேமரா உயிர் பெற்றபோது, மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நாத்தனார் நிமிர்ந்துகொண்டிருந்தார். ஆல்பத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் படம் இருக்கிறது. அடுத்த படத்தில் தாலி பெண்ணின் கழுத்தில் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அதை மறுபடி நடத்திப் படமெடுக்க யாராலும் முடியாது. பெண்ணைப் பெற்றவரிடம், பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கும் உள்மின்தடை பற்றி விளக்கவும் முடியாது. பேசிய தொகையில் மீதியை அவர் தரவில்லை. அவரைக் குறை சொல்லவும் வழியில்லை.

பிறகு அந்தப் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தால், அடியில் பொடிப்பொடியாக ஓர் எழுத்தும் சில எண்களும். தேதியாகப் படிக்கும்படி எதுவும் இல்லை. விநியோகஸ்தரிடம் நாலு தடவை கேட்டு வாங்கிய விளக்கத்தின்படி, அது தயாராகி நான்கு ஆண்டு ஆகிவிட்டது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பேட்டரியின் உடம்பின் மேல், பெட்டியின் மேல் மட்டுமல்ல, தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் யாரும் படிக்கும்படி எண்களில் அச்சிடுங்கள்.

ஏன் இதிலேயே நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். கேமரா பேட்டரிக்குள் பெரும்பாலும் இரண்டு லித்தியம் அயன் செல்கள் தொடராக இருக்கும். முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 8.4. லேபிளில் 7.2 என்று இருப்பது சராசரிக் கணக்கு. செல்லுக்கு வயதாக ஆக இரண்டு கேடு நடக்கிறது. கொள்ளளவு குறைவது ஒன்று, அது எல்லோருக்கும் தெரியும். உள்மின்தடை ஏறுவது இன்னொன்று, முகூர்த்த நேரத்தில் காலை வாருவது அதுதான். மின்தடை 0.4 ஓம் ஆகிவிட்ட பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் இழுத்தால், அந்தக் கணத்தில் 0.8 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். ஷட்டர், ஃபோகஸ் மோட்டார், சென்சாரை ஆடாமல் பிடிக்கும் அமைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும்போது வோல்டேஜ் சரிகிறது. பேட்டரி காலி என்று கேமரா முடிவு கட்டி அணைந்துகொள்கிறது. இழுவை நின்றதும் வோல்டேஜ் எழும்பி, 41 சதவீதம் என்று காட்டுகிறது. உள்ளே சார்ஜ் இருப்பது உண்மை, கேட்ட வேகத்தில் தர முடியாமல் போனதும் உண்மை.

குளிரில் இந்த மின்தடை இன்னும் ஏறும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தை மாத விடியலில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். புதுப் பேட்டரி அதைத் தாங்கும், மின்தடை ஏறிய பேட்டரி தாங்காது. அங்கே நின்றுகொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்து பேட்டரி வாங்கிவர முடியுமா? விடியற்காலை ஐந்து மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

பெட்டிக்குள் சும்மா இருந்த பேட்டரிக்கு எப்படி வயதாகும் என்று உங்கள் ஆட்களே எங்களிடம் கேட்கிறார்கள். லித்தியம் செல் வேலை செய்தாலும் தேயும், சும்மா இருந்தாலும் தேயும். தேயும் வேகத்தைத் தீர்மானிப்பவை வெப்பமும் சார்ஜின் அளவும். பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி, 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஓராண்டு வைத்தால் கொள்ளளவில் சுமார் 96 சதவீதம் தங்கும். 40 டிகிரியில் அதே சார்ஜோடு வைத்தால் சுமார் 85. அதே 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் சுமார் 65 தான். சித்திரை, வைகாசியில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். தகரக் கூரை குடோனுக்குள் அதைவிடக் கூடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2016 ஏப்ரல் 1 முதல், விமானத்தில் சரக்காகத் தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்று விதி. பாதுகாப்புக்காக வந்த நல்ல விதி, அதில் குறையில்லை. ஆனால் 30 சதவீதத்தோடு வந்த பேட்டரியை மூன்று நான்கு ஆண்டுகள் அலமாரியில் மறந்துவிட்டால், செல்லின் தானாக இறங்கும் குணமும் பாதுகாப்புச் சர்க்கியூட் குடிக்கும் சொற்ப மின்சாரமும் சேர்ந்து அதைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். இறங்கக்கூடாத அளவுக்குக் கீழே போன செல்லில், எதிர்மின்முனையின் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜரில் போட்டால் ஒன்று விளக்கு படபடவென மினுக்கி மறுக்கும், அல்லது ஏறினது போல ஏறி ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, கடையில் சோதித்தாலும் தெரியாது.

ஆக, வாங்குபவன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் தகவல் வயது. ஒளித்து வைத்திருப்பதும் அதைத்தான்.

லேபிளைப் பற்றி ஐஇசி 61960 என்ற சர்வதேசத் தரம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தயாரித்த தேதி இருக்க வேண்டும் என்கிறது. குறியீடாக இருக்கலாம் என்றும் சலுகை கொடுக்கிறது. அந்தச் சலுகைக்குள்தான் நீங்கள் ஒதுங்கி நிற்கிறீர்கள். இந்தியாவில் விற்க ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தரத்தின்படி பதிவு வேண்டும். "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணை லேபிளில் ஒழுங்காகப் போடுகிறீர்கள். அதற்கு இடம் இருக்கிறது. நாலு மொழி எச்சரிக்கைக்கு இடம் இருக்கிறது. 03/2024 என்று ஆறு எண்களுக்கு மட்டும் ஏன் இடம் இல்லை? சங்ககிரியில் எந்த லாரிக்காரரைக் கேட்டாலும் டயரின் பக்கவாட்டில் நாலு எண் படித்துக் காட்டுவார்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய டயரை அவரிடம் புதுசு என்று விற்க முடியாது. ஆவின் பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் பேட்டரியில் இல்லை.

பெட்டியில் போட்டிருக்கிறோமே என்பீர்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி பெட்டியில் மாதமும் ஆண்டும் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் இறக்குமதியாளர் ஒட்டும் ஸ்டிக்கரில் அது எந்த மாதம் என்பதில் எங்களுக்கு நிம்மதி இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிய மாதமும் செல் தயாரான மாதமும் ஒன்றல்ல. பெட்டி குப்பைக்குப் போய்விடும், பேட்டரிதான் பையில் இருக்கும். பையில் ஆறு பேட்டரி இருந்தால் எது மூத்தது என்று எதை வைத்துச் சொல்வது? பெயின்ட் மார்க்கரில் 1, 2, 3 என்று எழுதி, வாங்கிய தேதியையும் எழுதி வைக்கிறோம். ஆனால் அது வாங்கிய தேதி, பிறந்த தேதி அல்ல.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் கேட்கிறோம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதங்களில் பேட்டரிகளைப் பாதிச் சார்ஜுக்கு இறக்கி, கேமராவிலிருந்து கழற்றி, டெர்மினலுக்கு மூடி போட்டு, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைக்கிறோம். கார் டாஷ்போர்டில் வைப்பதில்லை. மலைக்குப் போனால் மாற்றுப் பேட்டரி சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசையில் மல்லாத்திச் சுண்டிச் சுற்றுகிறோம். தட்டையான பேட்டரி உரசி நின்றுவிடும், வயிறு வீங்கியது பம்பரமாகச் சுழலும். சுழன்றதை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் கேமராவுக்குள் சிக்கிக்கொள்ளும், ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினால் செல் கிழிந்து தீப்பிடிக்கும்.

அளந்தும் பார்க்கிறோம். முழுச் சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, 0.4 ஆம்பியர் சீராக இழுக்கும் லோடில் மாட்டி, 6 வோல்ட் வரும்வரை நேரம் பார்ப்போம். 1,800 மில்லி ஆம்பியர் மணி என்று லேபிள் சொன்னால் நாலரை மணி நேரம் வர வேண்டும். மூன்றரைக்குக் கீழே வந்தால் அது முகூர்த்தத்துக்கு ஆகாது. லைட் செட்டிங் பார்க்கவும் ஒத்திகைக்கும் வைத்துக்கொள்ளலாம். கேனானின் பல கேமராக்களில் ரீசார்ஜ் திறன் மூன்று கட்டமாகத் தெரியும், சிவப்பு ஒற்றைக் கட்டம் வந்தால் மாற்ற வேண்டும். நிக்கானின் பல கேமராக்களில் பேட்டரி வயது 0 முதல் 4 வரை வரும், 4 என்றால் முடிந்தது. பயனுள்ள வசதிகள், நன்றி. ஆனால் அவை சார்ஜ் ஏறும் திறனைச் சொல்கின்றன, தயாரித்த நாளைச் சொல்வதில்லை. கடையில் பெட்டி பிரிக்காமல் அதைப் பார்க்கவும் முடியாது.

வெளிக் கம்பெனிப் பேட்டரியை வாங்குவதால்தான் இந்தத் தொல்லை என்ற பதிலும் வந்தது. அந்தச் சந்தையின் லட்சணம் எங்களுக்குத் தெரியும். கேனான் அதே அளவு உறைக்குள் எல்பி-இ6 பேட்டரியை 1,800 மில்லி ஆம்பியர் மணியில் தொடங்கி, இ6என்-இல் 1,865, இ6என்எச்-இல் 2,130 என்று படிப்படியாகத்தான் ஏற்ற முடிந்தது. அதே உறையில் 2,600 என்று அச்சடித்து விற்பதை நாங்கள் நம்புவதில்லை. வெப்பத்தைச் சொல்ல வேண்டிய தெர்மிஸ்டருக்குப் பதில் சாதா ரெசிஸ்டர் வைத்த பேட்டரிகளும் உண்டு. சூடேறினாலும் சார்ஜருக்குத் தெரியாது. அதற்குப் பயந்துதான் ஒரிஜினலுக்கு வருகிறோம். ஒரிஜினலில் வயது தெரியாவிட்டால் அந்தக் கூடுதல் விலைக்கு என்ன அர்த்தம்?

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, ஒரு சார்ஜில் எத்தனை படம் என்று உங்கள் விளம்பரத்தில் வரும் ஷாட் கணக்கு. ஜப்பானின் கேமரா நிறுவனங்கள் சேர்ந்த சிபா அமைப்பு வகுத்த முறைப்படி, சுமார் 23 டிகிரி அறையில் 30 வினாடிக்கு ஒரு படம், பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுதல். எந்த மண்டபத்தில் அப்படி எடுக்கிறார்கள்? உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா காலத்தில் கேனான் 5டி மார்க் 4-க்கு 900 படம், நிக்கான் டி850-க்கு 1,840 படம் என்று இருந்தது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் திரையோ வியூஃபைண்டரோ எப்போதும் எரிவதால் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிட்ட மாடல்கள் பல. மூன்று பேட்டரி போதும் என்றிருந்தவர் இப்போது ஆறு வாங்குகிறார். இந்த நேரத்தில் சில மாடல்களில் தனிச் சார்ஜரையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டீர்கள். கேமராவிலேயே கேபிள் செருகி ஏற்றச் சொன்னால், ஏறும்வரை அந்தக் கேமரா கட்டிப் போட்ட மாடுதானே? பழசை எங்கே கொடுப்பது என்பதற்கும் வழியில்லை. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் வைத்திருக்கின்றன. வீங்கிய பேட்டரியோடு போய் நின்றால் வாங்கிக்கொள்ளும் கவுன்ட்டரை எங்களுக்கு இதுவரை யாரும் காட்டவில்லை.

இவற்றையெல்லாம் ஒரே மடலில் தீர்த்துவைக்கச் சொல்லவில்லை. கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது மாதமும் ஆண்டும். புதிதாக அச்சாகும் லேபிளில் அதைச் சேருங்கள். இப்போது கடைகளில் கிடக்கும் இருப்புக்கு, உங்கள் குறியீட்டைப் படிக்கும் முறையைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக ஒவ்வொரு விற்பனையாளருக்கும் அனுப்புங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கட்டும். தயாராகி 18 மாதம் கடந்த இருப்பைத் திரும்ப எடுத்து, பாதிச் சார்ஜ் ஏற்றி, கொள்ளளவு அளந்து, தேறினால் மட்டும் விலை குறைத்து, வயதைச் சொல்லி விற்கலாம். வாங்கவும் ஆள் இருக்கிறார்கள்.

ஆவணி முகூர்த்தத்துக்கான பேட்டரிகளை நாங்கள் ஆடி கடைசி வாரத்தில் வாங்குவோம். அதற்குள் அந்த ஒரு பக்கத் தாளாவது சேலம் கடைகளுக்கு வந்து சேரும்படி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு வட்டாரத்தில் கல்யாணப் படமும் வீடியோவும் எடுப்பவர்கள்