மோட்டார் காயில் கட்டும் முன் காரணத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துப் பட்டறை வாசல்களில் எரிந்த சப்மெர்சிபிள் மோட்டார்கள் (போர்க் கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கி ஓடுபவை) வரிசை கட்டிவிடும். தூக்கக் கூலி, காயில் கட்ட, அதாவது உள்ளே சுற்றிய கம்பியை மாற்றிச் சுற்றக் கூலி, திரும்ப இறக்கக் கூலி. இத்தனையும் கொடுத்துவிட்டு, ஏன் எரிந்தது என்று கேட்காமலே பழைய ஸ்டார்ட்டரிலும் (மோட்டாரைக் கிளப்பும் பெட்டி) பழைய கேபிளிலும் மாட்டி ஓட விடுகிறோம். மறுபடி எரிந்தால் காயில் கட்டியவர் தலை உருள்கிறது. (சில நேரம் தப்பு அவருடையதாகவும் இருக்கும், மறுக்கவில்லை.)

எரிந்த காயிலைப் பார்த்தாலே காரணம் தெரியும். மூன்று ஃபேஸின் (கரண்ட் வரும் மூன்று லைன்) காயிலும் ஒன்றுபோலக் கருகியிருந்தால் லோ வோல்டேஜ் அல்லது ஓவர்லோடு. ஸ்டார் இணைப்பில் (மூன்று காயிலின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்திருப்பது) இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று மட்டும் புதுசுபோல இருந்தால், ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. டெல்டா இணைப்பில் (மூன்றும் முனைக்கு முனை முக்கோணமாகச் சேர்ந்திருப்பது) இதே கோளாறுக்கு ஒன்று கருகும், இரண்டு தப்பும். ஒரே இடத்தில் பொத்தல் என்றால் இன்சுலேஷன் போயிருக்கிறது. மின்னலாக இருக்கலாம், சுற்றும்போதே கம்பி சிராய்ந்தும் இருக்கலாம். பழைய கம்பியை வெட்டி எடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே இருந்தும் ஏன் எரிகிறது? பெரும்பாலும் செட்டிங். மோட்டார் தகட்டில் 16 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் (ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றுவது) ரிலேயைக் காயிலுக்குப் போகும் ஒயரில் மாட்டியிருந்தால், அதில் ஓடுவது லைன் கரண்டில் 58 சதவீதம்தான். ஆக, செட்டிங் 9.3-ல் நிற்க வேண்டும். தகட்டைப் பார்த்து 16-ல் வைத்தால், லைனில் 27 ஆம்பியரைத் தாண்டினால்தான் ரிலேக்கு உறைக்கும். அதற்குள் காயில் வெந்துவிடும். ரிலே சரியாக இருந்தாலும், ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் தனியாக வேண்டும். கண்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டுவதற்காக பிரிவென்டரை பைபாஸ் செய்து வைப்பவர்களுக்கு எந்தப் பட்டறையும் கேரண்டி தர முடியாது.

போரில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்குகிறோம். கேபிளை ஒட்டுப் போட்டு நீட்டுகிறோமே தவிர, சைஸைக் கூட்டுவதில்லை. 5 எச்பி மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது, கேபிள் 300 மீட்டர் என்றால், 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 30 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். 4 சதுர மி.மீ. என்றால் 20. ஸ்டார்ட்டரில் 380 வோல்ட் காட்டும் தோட்டத்தில், மெல்லிய கேபிளோடு கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 350-க்கும் குறைவு.

மூன்று லைன் வோல்டேஜையும் அளந்து பாருங்கள். 410, 400, 390 என்று வந்தால் பலரும் 'நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். சராசரி 400, விலகல் 10, அதாவது 2.5 சதவீதம். இந்தச் சதவீதத்தை அதனாலேயே பெருக்கி, பிறகு இரட்டிப்பாக்கினால் காயிலில் ஏறும் கூடுதல் சூடு ஏறக்குறைய வந்துவிடும்: 12.5 சதவீதம். தளர்ந்துபோன பீஸ் கட்டை ஒன்றே இதற்குப் போதும்.

இதையெல்லாம் அவரவர் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டோ ஸ்டார்ட் (கரண்ட் வந்ததும் மோட்டார் தானே கிளம்புவது) மட்டும் ஊர் கூடிச் சரிசெய்ய வேண்டியது. கரண்ட் வந்த நொடியே ஒரு ட்ரான்ஸ்பார்மரில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகின்றன. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஓட்டக் கரண்டைப்போல ஆறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் மோட்டார் 12 இருந்தால் 720 ஆம்பியர். 100 கேவிஏ ட்ரான்ஸ்பார்மரின் முழு அளவே சுமார் 135 ஆம்பியர்தான். வோல்டேஜ் படுத்துவிடும், எந்த மோட்டாரும் வேகம் பிடிக்காது, எல்லாம் ஒன்றாகச் சூடேறும்.

ஆட்டோ பெட்டியிலேயே டிலே டைமர் (கிளம்புவதைச் சில நொடி தள்ளிப்போடுவது) இருந்தால் அதைத் திருப்பி வைத்தால் போதும். இல்லாவிட்டால் தனியாக மாட்டலாம். முதல் தோட்டத்துக்கு 15 நொடி, அடுத்ததற்கு 30, அதற்கடுத்து 45 என்று வைத்து, அவரவர் ஸ்டார்ட்டர் பெட்டி மேல் பெயிண்டில் எழுதிவிட வேண்டும். பன்னிரண்டாவது மோட்டார் 180 நொடியில் கிளம்பும். யாராவது ஒருவர் டைமரைக் குறைத்து வைத்தாலும் இன்னொரு மோட்டாரோடு மோதும். கடைசித் தோட்டக்காரருக்கு மூன்று நிமிடத் தண்ணீர் போகிறதே என்று மனக்குறை இருந்தால், மாதம் ஒருமுறை வரிசையைச் சுழற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
காயில் கட்டும் பட்டறையினர்,
அன்னூர்.