வாதாட வேண்டாம், வாசித்துச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் தொழில் செய்யும், தமிழ் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர்களுக்கும் கணக்காளர்களுக்கும்

வணக்கம்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். உங்களைப் போல் பட்டம் பெற்றவன் இல்லை. ரசீதுகளை அடுக்கி, கூட்டி, வரி கட்டும் காலத்தில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பேன், அவ்வளவுதான். கொவிட் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்த மடல் என்று கேட்பீர்கள். தொற்றுநோய்களுக்கென்றே ஒரு தனி அமைப்பை 2025 ஏப்ரலில் சிங்கப்பூர் தொடங்கியிருக்கிறது. அடுத்தது வரும் என்று அரசாங்கமே ஆயத்தமாகிறது. நம் கடைக்காரர்களோ, வரும் சட்டங்களைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஆளில்லாமல், சென்ற முறை இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த தையற்கடைக்காரர் ஒருவர் 2020 செப்டம்பரில் என்னிடம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்து, "தம்பி, இதில் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா பாருங்கள்" என்றார். மின்கட்டணச் சீட்டுகள், கோயில் நன்கொடை ரசீது, நூல்கண்டு வாங்கிய பில். எல்லாவற்றுக்கும் அடியில், பிரிக்கப்படாத உறை ஒன்றில், உள்நாட்டு வருவாய் ஆணையம் கட்டட உரிமையாளருக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல். ஏப்ரல், மே மாத வாடகையைத் தையற்காரர் கட்ட வேண்டியதே இல்லை என்பதுதான் அதன் சாரம். அந்த வாடகையைக் கட்டத்தான் ஜூன் கடைசியில் மனைவியின் வளையல் இரண்டை அடகுக்கடையில் வைத்திருந்தார்.

இன்னும் இரண்டு மாதத் தள்ளுபடிக்கும் வழி இருந்தது. 2020 ஏப்ரல், மே மாதங்களின் சராசரி வருமானம் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 35 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் ஜூன், ஜூலை வாடகையும் கிடையாது. குறைந்ததைக் காட்ட வேண்டும். அவர் பில் புத்தகங்களை எடுத்துப் போட்டார். 2019 சித்திரைக்கு இரண்டு புத்தகங்கள் தீர்ந்திருந்தன. 2020 புத்தகம் ஏப்ரல் 6ஆம் தேதியோடு நின்றுவிட்டது. கடைசித் தாளில் ஒரு ரவிக்கையின் அளவு மட்டும் இருந்தது, விலை எழுதவில்லை. மறுநாள் கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். ஆண்டு விற்றுமுதல் பத்துக் கோடி வெள்ளியைத் தாண்டாத நிறுவனங்களுக்குத்தான் இந்தச் சலுகை என்று படித்துக் காட்டினேன். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கட்டிய பணம் பின்வந்த மாதங்களின் வாடகையில் கழிந்தது. வளையலும் வந்தது. இடையில் கட்டிய வட்டி போனது போனதுதான்.

அவர் சோம்பேறி அல்லர். அந்த உறைக்குள் இருந்த ஆங்கிலம் அவருக்கு எட்டவில்லை. உறையைப் பிரித்தவர்களுக்கும் எல்லாம் விளங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் நிறைவேறிய கொவிட்-19 (தற்காலிக நடவடிக்கைகள்) சட்டம் எங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? "ஆறு மாதம் வாடகை கிடையாதாம்" என்று. சட்டம் தந்தது அவகாசம். அதுவும் தானாக வராது. மார்ச் 25க்கு முன் போட்ட ஒப்பந்தமாக இருக்க வேண்டும். நோய்ப்பரவலால்தான் கட்ட முடியவில்லை என்று உரிமையாளருக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அந்த அவகாசம் முடியும்வரை உரிமையாளர் வழக்குப் போட முடியாது, ஒப்பந்தத்தை முறிக்கவும் முடியாது. ஆனால் கடன் கடன்தான். தள்ளுபடி பிறகு, ஜூனில் வந்த திருத்தத்தில் வந்தது. நிவாரணம் என்ற சொல்லைக் கேட்டதும் கையில் பணம் கொடுப்பார்கள் என்று காத்திருந்தவர்களும் உண்டு.

ஊழியர் சம்பளத்துக்கு அரசாங்கம் தந்த மானியத்தில் இந்தத் தொல்லை இல்லை. மத்திய சேம நிதிக் கணக்கை வைத்துத் தானாகவே வந்தது. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் என்பதால், ஜோகூர்க்காரர் ஒருவரை வேலைக்கு வைத்திருந்த தையற்காரருக்கு அதில் ஒன்றுமில்லை. அவருக்கு வெளிநாட்டு ஊழியருக்காகக் கட்டும் தீர்வையில் தள்ளுபடியும், ஏப்ரலிலும் மேயிலும் தலா 750 வெள்ளி கழிவும் கிடைத்தன.

புடவைக் கடை அக்கா ஒருவர் மொத்த வியாபாரிக்கு இருபதாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் பாக்கி. திவாலாக்கிவிடுவார்கள் என்று பயந்து மே மாதம் முழுக்கத் தூங்கவில்லை. தனிநபர் திவால் வழக்குக்கான கடன் வரம்பு அப்போது 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்திருந்தது. கடன் கொடுத்தவர் அனுப்பும் கோரிக்கைப்படி பணத்தைக் கட்ட 21 நாளாக இருந்த கெடு ஆறு மாதமாகியிருந்தது. இதை யாராவது இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் போதும்.

இனி உங்களிடம் வருகிறேன். அந்தத் தற்காலிகச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தச் சச்சரவுகளை விசாரித்த மதிப்பீட்டாளர்கள் முன் பொதுவாக வழக்கறிஞர்களுக்கு இடமில்லை, கட்டணமும் இல்லை. ஏழைக்கும் எளியவருக்கும் செலவு வைக்காத நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தேவைப்பட்டது வாதாடுபவர் இல்லையே, வாசித்துச் சொல்பவர்தானே? அதற்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. பட்டிமன்ற மேடையில் உங்களில் சிலர் வெளுத்து வாங்குவதை நானே முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை அதே தமிழில் விளக்கச் சொன்னால் மட்டும் ஏன் நா எழ மறுக்கிறது?

தவறாகச் சொல்லிவிட்டால் பழி வருமே என்ற தயக்கம் புரிகிறது. கருத்துக் கேட்கவில்லை. அடுத்த முறை இப்படிச் சட்டம் வரும்போது, ஒரு பக்கத்தில், கணினி மொழிபெயர்ப்பு இல்லாத தமிழில் எழுதித் தாருங்கள்: யாரிடம் கொடுப்பது, எந்தத் தேதிக்குள், எந்தக் காகிதத்தோடு. அதற்கு முன்பே, இப்போது, ஒருமுறை எங்கள் தெருவுக்கு வாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா, தனி உரிமையாளராகப் பதிந்த கடையின் கடன் யார் தலையில் விழும் என்று பார்த்துச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி அரைக்கடை எடுத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஐந்தடிப் பாதையில் நிற்கக்கூட இடம் இருக்காது. திங்கள் பிற்பகல் வசதி. தையற்காரர் கடையில் நாற்காலி இரண்டு உண்டு. பிஸ்கட் டின் மறுபடியும் பாதி நிரம்பியிருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒருவன்